நட்டக் கணக்கில் வராத தவில்

கோயில் திருவிழாவைப் பக்தி என்கிறோம், பண்பாடு என்கிறோம். அதை நம்பி எத்தனை வீடுகளில் அடுப்பெரிகிறது என்று நாங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் மேளச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கும் அந்த எண்ணம் போருக்குப் பிறகுதான் வந்தது.

ஒரு மேளச் செற்றில் பொதுவாக இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி இருக்கும். அவர்களோடு வேலை முடிவதில்லை. தவிலுக்குத் தோல் மாற்றுபவர், மாலை கட்டுபவர், சாத்துப்படிக்காரர், சப்பறம் கட்டுபவர், பந்தல்காரர், ஒலி ஒளி அமைப்பவர், வெளிவீதியில் கச்சான் விற்கும் அம்மா என்று அது நீளும். நல்லூரில் இது 25 நாட்கள் நடக்கும். மேளகாரரின் வருட வருமானத்தில் பெரும்பங்கு இத்தகைய திருவிழாக்களிலும் கலியாண முகூர்த்தங்களிலும் வருவதுதான். மார்கழியில் கலியாணம் இல்லை. அந்த மாதம் கையிருப்பில்தான் ஓடும்.

இணுவிலும் அளவெட்டியும் இந்தத் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தியைத் தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் தேடி அழைத்தார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்கவென்றே சனம் திருவிழாவுக்குப் போனது.

1990 இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது மாவிட்டபுரம், கீரிமலைக் கோயில்களின் வழமையான திருவிழாக்கள் பல வருடங்களுக்கு இல்லாமற் போயின. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஊரடங்கு வந்த இடங்களில் இரவுத் திருவிழாவும் நின்றது. விடியும்வரை நடந்த மேளக் கச்சேரி இல்லையென்றால் அந்த இரவுக்கான கூலியும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 அன்று எங்கள் ஒழுங்கைத் தவில்காரர் நாவற்குழிப் பாலத்தைச் சைக்கிளோடு கடந்தார். சைக்கிளில் இரண்டு பிள்ளைகளும் ஒரு உரப்பையும் இருந்தன. தவில் வீட்டில். பலாமரக் குடம் பாரமானது, ஏற்ற இடமில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, தவிலும் இல்லை.

கூரைக்குப் பின்னர் உதவி கிடைத்தது. தவிலுக்குக் கிடைக்கவில்லை. போருக்குப் பிறகு நான் பார்த்த வாழ்வாதார உதவிப் பட்டியல்களில் தையல் மெசின், ஆடு, கோழிக்குஞ்சு, வலை எல்லாம் இருந்தன. தவிலோ நாதஸ்வரமோ இருந்ததை நான் காணவில்லை. மீனவருக்கு வலை எப்படியோ, மேளகாரருக்குத் தவில் அப்படி. ஆனால் வலையைத் தொழிற்கருவி என்று எழுதிய கை, தவிலைக் கலைப்பொருள் என்று விட்டுவிட்டது.

இதற்கு அதிகாரிகள் மட்டும் காரணமல்ல. மேளம் வாசிப்பதைச் சில குடும்பங்களின் கோயிற்கடமையாகவே நாங்களும் பார்த்துப் பழகிவிட்டோம். கடமை என்று சொன்னால் கூலி பேசுவது அழகில்லை என்றாகிவிடுகிறது. ஊழியர் சேமலாப நிதி அவர்களுக்கு இல்லை, விரல் ஓய்ந்தால் ஓய்வூதியமும் இல்லை.

நல்ல நாதஸ்வரமும் சீவாளியும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே வருகின்றன. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேலே போனபோது, அரிசி விலை ஏறியதை எல்லோரும் பேசினோம். சீவாளி விலை ஏறியதை வாசிப்பவர்கள் மட்டுமே அறிந்தார்கள். மறுபக்கத்தில், புலம்பெயர் நாடுகளின் கோயில்கள் எங்கள் கலைஞர்களைக் கோடைத் திருவிழாக்களுக்கு அழைக்கின்றன. அந்த உழைப்பு ஊருக்கு அந்நியச் செலாவணியைக் கொண்டுவருகிறது. அதை ஏற்றுமதி என்று யாரும் சொல்வதில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கோயில் பரிபாலன சபைகள் மேளகாரரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்து, கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வைக்கலாம். உபயகாரர் தரும் பணத்தில் சிறு பங்கை முதிய கலைஞருக்கான சேமிப்பாக ஒதுக்கலாம். பிரதேச செயலகங்களின் கலாசாரப் பிரிவுகள் விருது கொடுப்பதோடு நிற்காமல், யாரிடம் என்ன கருவி இருக்கிறது, யார் எதை இழந்தார் என்று பதியலாம்.

எங்கள் ஒழுங்கைத் தவில்காரர் கடன்பட்டு வேறொரு தவில் வாங்கினார். அந்தக் கடனை அடைக்க அவருக்கு நான்கு திருவிழாக் காலங்கள் தேவைப்பட்டன. அவருடைய மகன் இப்போது வான் ஓட்டுகிறான்.