கன்னி வேட்டை – ஒரு பார்வை

வேட்டைக்குப் புதிதாகச் செல்பவன் முதன்முதலில் எதைக் கற்கிறான்? வில்லைப் பிடிக்கக் கற்கிறான் என்பதே எவருக்கும் தோன்றும் விடை. ஆனால் பழந்தமிழ் நூல்களையும், திருவண்ணாமலையைச் சூழ்ந்த மலைக்காடுகள் விட்டுச் சென்ற செய்திகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்குமிடத்து அவ்விடை போதாது என்பது புலனாகிறது. பத்தாண்டு நிறைவு மலரில் வேட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்களும் இருப்பர். கவிதை எழுதுகிறவர்களுக்கு இப்பொருளில் பெறத்தக்க சொற்கள் பல உண்டு. அவை நம் கையைவிட்டு நழுவிக்கொண்டும் இருக்கின்றன.

முதல் வேட்டையை நம் முன்னோர் ‘கன்னி வேட்டை’ என்றனர். தமிழ் இலக்கியத்தில் அதனை முழுமையாகக் காட்டும் இடம் பெரிய புராணத்துக் கண்ணப்ப நாயனார் வரலாறு. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பாடிய அப்பகுதியை நாம் பெரும்பாலும் கண்ணை இடந்து அப்பிய இறுதிக் காட்சிக்காகவே படிக்கிறோம். பக்திச் சுவை மிகுந்த அவ்விடத்தை எட்டும் அவசரத்தில், அதற்கு முன்னுள்ள பாடல்களை ஓடிக் கடந்துவிடுகிறோம். ஒரு வேட்டுவச் சிறுவன் எவ்வாறு வேடனாகிறான் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் பாடல்கள் அவை.

திண்ணன் தவழும் பருவம் கடந்த சிறுவன். உடுப்பூரில் தந்தை நாகனின் வீட்டருகே வேட்டைக்குப் பழக்கிய புலி ஒன்று நிற்கிறது. அதன் திறந்த வாயை மலைக்குகை என்று எண்ணிப் பிள்ளை கையை நீட்டுகிறான். தந்தை ஒரு தழைக் கொம்பை எடுத்து ஓங்குகிறான், பிள்ளை அழுகிறான். வேட்டைக் கல்வியின் முதற்பாடம் இதுதான்: குகை எது, வாய் எது என்று பிரித்தறிதல்.

அங்கே நிற்கும் புலியைச் சேக்கிழார் ‘பார்வை’ என்னும் சொல்லால் குறிக்கிறார். காட்டு விலங்கை வசப்படுத்தி இழுப்பதற்காகப் பழக்கி நிறுத்திய விலங்கு பார்வை விலங்கு. இன்று கட்டுரைக்குக் கட்டுரை ‘ஒரு பார்வை’ என்று தலைப்பிடுகிறோம். இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று. அச்சொல்லுக்குள் ஒரு மான் கட்டுண்டு நிற்பதை நினைப்பார் இலர். சங்க நூல்களிலும் இச்சொல் இப்பொருளில் வருகிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டின் முற்பகுதி ஒரு பார்வைப் பிணையைச் சுற்றியே நிகழ்கிறது. கொடிகள் படர்ந்த முற்றத்து நிழலில் வேட்டுவன் களைத்து உறங்குகிறான். அங்கே பார்வையாகக் கட்டியிருந்த பெண்மானைத் தேடிக் காட்டுக் கலைமான் ஒன்று வந்து அதனோடு கூடி விளையாடுகிறது. மனைவி பார்த்துவிடுகிறாள். ஓசை எழுந்தால் கணவன் விழிப்பான்; கலைமான் பிணையைப் பிரிந்து ஓடும். ஆகவே அவள் வீட்டுக்குள் நடமாடாமல் ஒடுங்கி நிற்கிறாள். மான்தோலின் மேல் காயப்போட்ட தினையைக் கோழியும் இதலும் தின்று தீர்க்கின்றன. அவற்றையும் அவள் ஓட்டவில்லை. வேட்டுவக் குடியில் பிறந்த ஒருத்தி வீட்டு வாயிலுக்கே வந்த இறைச்சியை விட்டுக்கொடுக்கும் இப்பாட்டை வேட்டைப் பாட்டுகளுள் தலையாயது என்று கொள்வேன். வேட்டை நிகழாமற்போவதே அதன் பொருள்.

திண்ணனிடம் திரும்புவோம். வில் பிடிக்கும் நாள் ஊர்த் திருவிழாவாக நடக்கிறது. மலைபடு மணியும் பொன்னும், புலித்தோலும் யானைக் கொம்பும், மயிற்பீலியும் தேனும் சுமந்து வேடர்கள் திசைதோறும் வந்து கூடுகின்றனர். பதினாறாம் ஆண்டில் வில்வித்தை நிறைவுறுகிறது. அப்போதும் அவன் தானாகக் காட்டுக்குள் புகுந்துவிடவில்லை. நாகன் முதுமையால் முன்போல் வேட்டைக்குப் போக இயலாதவன். மலைப்புனங்களில் பன்றியும் புலியும் கரடியும் மிகுந்து விளைவை அழிக்கின்றன. வேடர்கள் வந்து முறையிடுகின்றனர். ஒரு குடியின் தேவை அந்த முதல் வேட்டையை அழைக்கிறது. ஓர் இளைஞனின் ஆசையால் மட்டும் அது தொடங்கவில்லை.

இதற்குப் பின் வருவதே கூர்ந்து நோக்கத்தக்கது. நாகன் முதலில் தேவராட்டியை அழைக்கிறான். முதுமகளாகிய அவள் குறிசொல்பவள். தெய்வங்களுக்குரிய வழிபாட்டை நடத்துபவள். ‘என் மகன் தலைமை ஏற்று வேட்டைக்குப் புறப்படுகிறான், காட்டில் உறையும் தெய்வங்கள் விரும்பி உண்ணக் காடுபலி ஊட்டுவாயாக’ என்று வேண்டுகிறான். அதன் பின்னரே மகனுக்குத் தோலுடையும் சுரிகையும் தருகிறான். காட்டிலிருந்து எடுக்கப் போகிறவன் எடுப்பதற்கு முன் காட்டை உண்பிக்கவேண்டும். காட்டுக்கு உடையவர் உண்டு. நாம் அவர்களிடம் கேட்டுப் புகுகிறோம் என்னும் நினைப்பு அதில் இருக்கிறது. காடுபலி என்னும் சொல் அகராதியில் கிடக்கிறது. நம் கவிதைகளில் நான் அதைக் கண்டதில்லை.

வேட்டை தொடங்குகிறது. முன்னே சென்றவர்கள் விலங்குகளின் தடம் பார்த்துக் காட்டைச் சூழ வார்வலை கட்டுகிறார்கள். நாய்கள் அவிழ்க்கப்படுகின்றன, பறைகள் முழங்குகின்றன, கலைந்த விலங்குகள் வலைப்புறம் ஓடிவருகின்றன. அம்பு பாயும் வேகத்தைத் தம் சந்தத்திலேயே காட்டிச் செல்லும் சேக்கிழார், கொலை உச்சத்தை எட்டிய அவ்விடத்தில் ஒரு பாட்டை நிறுத்தி வைக்கிறார். துடிபோன்ற அடிகளையுடைய யானைக் கன்றுகளை வேடர்கள் பின்தொடரவில்லை. சிதறி ஓடும் சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடி தளர்ந்து வரும் பிணைகளை வருத்தவில்லை. கொடிய விலங்குகள் எதிர்த்துப் பாய்ந்து வரும் போர்க்களம் போன்ற நேரத்தில் இவ்விலக்கு காக்கப்படுகிறது.

சைவ வேளாளராகிய சேக்கிழார் தம் கொல்லா நெறியை வேடர்மேல் ஏற்றிச் சொன்னார் என்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. காட்டை நம்பி வாழ்பவனுக்குக் குட்டி என்பது அடுத்த ஆண்டின் உணவு. உழவன் எத்தகைய பஞ்சத்திலும் விதைநெல்லைக் குத்தி உண்ணத் தயங்குவதைப் போன்றதே இது. அருளும் பிழைப்பும் ஒரே விலக்கில் வந்து பொருந்துவதைப் புலவர் கண்டு சொன்னார் என்பதே பொருத்தம். கன்னி வேட்டைக்காரன் கற்பது இதுதான்: எதை எய்யலாகாது என்பது. எய்யும் திறம் அதற்கு முன்பே பழகி முடிந்துவிட்டது.

பிறகு வலையறுத்து ஓடிய ஒரு பன்றியைத் திண்ணன் நாணன், காடன் என்னும் இருவரோடு துரத்திச் சென்று சுரிகையால் வெட்டி வீழ்த்தியதும், பொன்முகலி ஆற்றங்கரையில் காளத்தி மலையைக் கண்டதும் நாம் அறிந்தவையே. ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அங்கே ஒரு பன்றி வேடனை இறைவன் மலைக்கு இட்டுச் செல்கிறது. நம் அண்ணாமலைத் தலவரலாற்றில் திருமாலே பன்றியாகி இறைவன் அடியைத் தேடி நிலத்தை அகழ்கிறார். இலிங்கோற்பவர் திருவுருவின் அடியில் கோயில்தோறும் காணும் அப்பன்றியை, கண்ணப்பர் வரலாற்றைப் படித்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

உடுப்பூர் காளத்திப் பக்கத்தது. நம் மண்ணின் வேட்டுவரைக் காண மலைபடுகடாத்துக்கு வரவேண்டும். 583 அடிகளையுடைய இப்பாட்டைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடினார். பாட்டுடைத் தலைவன் நன்னனின் செங்கண்மா நமக்கு மேற்கேயுள்ள செங்கம். நவிரமலையைப் பர்வதமலை என்று அறிஞர் கொள்வர். 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இப்பகுதியின் பழைய காடும் அச்சேறியது எனலாம்.

பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்ப்பட்ட கூத்தனுக்கு வழி சொல்கிறான். காட்டுக்குப் புதியவனுக்கு அதை அறிந்தவன் சொல்லும் அறிவுரைகள் என்றே அவ்வடிகளைப் படிக்கலாம். தினைப்புனத்தைப் பன்றிகள் அழிக்குமென்று அஞ்சி, அவை நுழையும் இடுக்குகள்தோறும் பெருங்கல்லை வைத்துப் பொறி மாட்டியிருக்கிறார்கள். இருளில் செல்லாதீர், விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். யானையை ஓட்டப் பரண்மேலிருப்பவர் எறியும் கவண்கல் மூங்கிலையும் மரத்தையும் மோதி வரும். மரங்களில் மறைந்து மறைந்து போங்கள் என்கிறான்.

மலையில் எழும் ஓசைகளை வரிசைப்படுத்தும் இடத்தில் இரண்டு ஓசைகள் நம்மை நிறுத்துகின்றன. ஒன்று, முள்ளம்பன்றியால் புண்பட்ட கானவரின் அழுகை. மற்றொன்று, புலி பாய்ந்து கணவன் மார்பில் உண்டாக்கிய நெடும்புண் ஆறுவதற்குக் காப்பாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு. வேட்டையின் வெற்றி ஆரவாரத்தை எத்தனையோ நாடுகளின் இலக்கியங்கள் பாடியிருக்கும். அடிபட்ட வேடன் வாய்விட்டு அழுவதை மலையின் இயல்பான ஓசைகளுள் ஒன்றாக, அருவியோசைக்கும் யானைப்பாகர் ஓசைக்கும் நிகராக, எண்ணி வைத்த புலவர் நம் பக்கத்து மலையைப் பாடியவர்.

அதே பாட்டு, காட்டின் கவர்வழிகளில் நடுகற்கள் எண்ணிறந்தன என்றும் சொல்கிறது. அது வெறும் புனைவன்று என்பதைச் செங்கம் வட்டாரம் மெய்ப்பித்துவிட்டது. இங்குக் கண்டெடுத்த பல்லவர் கால வட்டெழுத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக 1972இல் வெளியிட்டது, இரா. நாகசாமி அதன் பதிப்பாசிரியர். அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனித்துவமானது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், தொறுப் பூசலில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எடுத்த கல் அது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரு கள்வரைக் கடித்து அது காத்து நின்றது என்று கல் பேசுகிறது. கன்னி வேட்டையில் அவிழ்த்துவிட்ட நாய்களுக்குச் சேக்கிழார் பெயர் சொல்லவில்லை. இங்கே ஒரு நாயின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டுகளாகக் கல் காத்துத் தந்திருக்கிறது.

இனி நம் ஊர்ப் புராணம். எல்லப்ப நாவலர் பாடிய அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் வேட்டைக்கு வருகிறான். குதிரைமேல் இருந்து ஒரு புனுகுப் பூனையைத் துரத்துகிறான். அது மலையைச் சுற்றி ஓடி விழுந்து உயிர்விடுகிறது. குதிரையும் களைத்து விழுகிறது. இரண்டும் துருவாசர் சாபம் நீங்கி வித்தியாதரர்களாய் எழுகின்றன. மண்ணில் விழுந்து கிடக்கும் அரசனுக்கு மட்டும் ஒன்றும் கிட்டவில்லை. காரணம் எளியது: பூனையும் குதிரையும் மலையைக் காலால் வலம் வந்தன, அவன் குதிரை முதுகில் இருந்தான். பின்பு அவன் நாட்டை மகனிடம் விட்டு, நடந்து வலம் வரத் தொடங்குகிறான். கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு முன்னோடியாக இப்புராணம் வைப்பது வேட்டையில் தோற்றவனை. நாவலரின் நகைச்சுவைக்கு இதற்குமேல் சான்று வேண்டா.

வெள்ளையர் காலத்து வேட்டை வேறுவகை. அது பொழுதுபோக்கு, துப்பாக்கியும் உரிமச் சீட்டும் உடையவர்க்கு உரியது. சென்னை மாகாணத்தில் நீலகிரிக்கென 1879இல் வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கொல்லலாகாத பருவங்களை அது குறித்தது. கருவுற்ற பிணையை விலக்கிய வேடரின் மரபு அரசிதழ் மொழியில் வேறொரு வழியாக வந்தது போலும்! விடுதலைக்குப் பின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது; 1991இல் செய்த திருத்தம் வேட்டை உரிமம் வழங்கும் ஏற்பாட்டையே நீக்கியது. இன்று இந்நாட்டில் விளையாட்டாக வேட்டையாடத் தொடங்குபவன் குற்றவாளி. அது வேண்டிய சட்டமே. காடு சுருங்கிய பிறகு வேறு வழியில்லை.

ஆயினும் அச்சட்டத்தின் சுமை ஒரேயளவாக இறங்கவில்லை. பொழுதுபோக்காகச் சுட்டவர்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு பொழுதுபோக்குத் தேடிக்கொண்டார்கள். வலைவிரித்து, நரியின் குரலைத் தம் வாயாலேயே எழுப்பி அதனை அருகே வரவழைக்கும் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்ற நரிக்குறவர்கள் ஊசியும் பாசியும் விற்கத் தெருவுக்கு வந்தார்கள். அவர்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் மணிமாலை விற்கும் பெண்களிடம் நாம் விலை பேசுகிறோம். அவர்கள் பாட்டனார் எழுப்பிய நரிக்குரலை எந்தக் கவிஞரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. மலைபடுகடாம் பாடியவர் இருந்திருந்தால் அதையும் தம் ஓசைப் பட்டியலில் சேர்த்திருப்பார்.

கோயில்கள் வேட்டையை விழாவாக்கிக் காத்துக்கொண்டன. மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராசர் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். விலங்கு ஏதும் விழுவதில்லை. கன்னி வேட்டையின் சாயலை எருமேலியில் காணலாம். ஆண்டுதோறும் கார்த்திகையில் நம் ஊரில் தீபம் ஏற்றும் நாட்களில்தான் மாலையணிந்த கூட்டமும் பெருகுகிறது. முதன்முறை சபரிமலை செல்பவர் கன்னிச்சாமி. எருமேலியில் முகத்தில் வண்ணம் பூசி, தழை அணிந்து, வேடர் கோலத்தில் பேட்டை துள்ளி ஆடுகிறார். கையிலே மரத்தால் செய்த சரக்கோல். அதை அவர் எந்த விலங்கின்மேலும் எய்வதில்லை. மலைவழியெல்லாம் சுமந்து சென்று சரங்குத்தியில் சேர்க்கிறார். கன்னிச்சாமிகள் வராத ஆண்டில் ஐயப்பன் தன்னை மணப்பதாகச் சொன்ன வாக்கை நம்பி, மாளிகைப்புறத்தம்மை ஆண்டுதோறும் சரங்குத்தி வரை வந்து பார்க்கிறாள் என்பது அம்மலையின் கதை. அந்த ஆண்டின் கன்னி அம்புகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அவள் திரும்பிப் போகிறாள்.