முசிறி போட்ட துகாராம் வேடம்

திருச்சியை அடுத்த ஜீயபுரத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. காவிரிக்கரைக்குச் சவரம் செய்துகொள்ளப் போன பேரனை வெள்ளம் அடித்துப்போனது. பாட்டி "ரங்கா!" என்று கதற, அரங்கனே பேரனாக வந்து அவள் கையால் பழைய சோறு சாப்பிட்டான். பங்குனி உற்சவத்தில் உற்சவர் நம்பெருமாள் இன்றும் ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கே எழுந்தருளுகிறார்.

ஆற்றை ஒட்டி மேற்கே போனால் எதிர்க்கரையில் முசிறி. அந்த ஊரைப் பெயரில் சுமந்த கர்நாடக இசைப் பாடகர் சுப்பிரமணிய ஐயர் 1938இல் தாமும் ஒரு வேடம் போட்டார். பி.என். ராவ் இயக்கிய 'துகாராம்' படத்தில், அபங்கம் என்னும் பக்திப்பாடல்களைப் பாடிய பதினேழாம் நூற்றாண்டு மராட்டிய அடியாரின் வேடம் அவருக்கு. அவர் நடித்த ஒரே படம் அதுதான்.

தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்திலேயே அபங்கமும் கதாகாலட்சேபமும் காவிரிப் படுகைக்கு வந்துவிட்டன. ஆகவே துகாராம் இங்கே அந்நியர் அல்ல. ஆனால் அவர் குரலைக் கேட்டவர் எவரும் இல்லை. நிரவலுக்குப் பேர்போன முசிறியின் உருக்கமே, தமிழ் ரசிகருக்குத் துகாராமின் குரலாயிற்று. பாடகர் ஒருவர் முன்னோடிக்குச் செய்யக்கூடிய மரியாதையில் இது மிகப் பெரியது. அடுத்த ஆண்டே மியூசிக் அகாடமி முசிறிக்குச் சங்கீத கலாநிதி பட்டம் அளித்தது. சினிமா அவர் மதிப்பைக் குறைக்கவில்லை.

மூலக்குரலை எவரும் கேட்டதில்லை என்ற முசிறியின் சலுகை, அமெரிக்காவில் பாப் பாடகி டயானா ராஸுக்குக் கிடைக்கவில்லை. 1972இல் ஒரு திரைப்படத்தில் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயாக நடித்து, அவர் பாடல்களைப் பாடி இரட்டை இசைத்தட்டு வெளியிட்டார். ஹாலிடே 1959இல்தான் மறைந்தார். அவருடைய இசைத்தட்டுகள் அப்போதும் சுழன்றுகொண்டிருந்தன. மூலக்குரல் பக்கத்திலேயே இருக்க, பாப் பாடகிக்கு ஜாஸ் வருமா என்று கேட்டவர்கள் பலர். ராஸ் ஹாலிடேயை அப்படியே நகலெடுக்காமல் தன் குரலிலேயே பாடினார். 1973இல் அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

துகாராம் பாடிய விட்டலனின் தலமான பண்டரிபுரத்தைத் திருச்சி ஒரு படத்தோடு விடவில்லை. திருச்சியில் எஃப்.ஜி. நடேச ஐயர் சிறுவனாக நாடக மேடையேற்றிய தியாகராஜ பாகவதர், 1944இல் விட்டலனின் அடியாராக 'ஹரிதாஸ்' படத்தில் பாடினார். கொள்ளிடக்கரைப் பிச்சாண்டார்கோயில்காரரான ஜி. ராமநாதனுக்கும் அதன் இசையில் பங்குண்டு. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது.