தோட்டாக்களின் பெயர்க்காரணம்

இலக்கண நூலார் பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்துவர். மரஞ்செடிகளுக்கும் ஊர்களுக்கும் பெயர்க்காரணம் தேடிய நாம், உயிர் குடிக்கும் கருவிகளின் பெயர்க்காரணத்தை அத்துணை ஆர்வத்துடன் தேடியதில்லை. ஆயினும், புதுக்கவிதையில் 'தோட்டா' இன்று பெருவழக்கான உவமையாகிவிட்டது. கவிஞர் எடுத்தாளும் அச்சொல்லின் வரலாற்றையும் அதனோடு ஒத்த சில பெயர்களின் வரலாற்றையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடிவால் அமைந்தவை

திரண்டு உருண்டதனைத் தமிழர் 'குண்டு' என்பர். தொடக்கக் காலத் துப்பாக்கிகள் ஈய உருண்டைகளையே உமிழ்ந்தமையால் அப்பெயர் இயல்பாகப் பொருந்திற்று. ஆங்கிலத்துப் 'புல்லட்' என்பதும் சிறுபந்து எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்ததே. பறவை வேட்டைக்குரிய பொடிக்குண்டினை 'ரவை' என்கிறோம். அடுக்களை ரவைக்கும் அதே பெயர்தான். 'தோட்டா' உருது வழியாக நம்மிடம் வந்தது; குண்டையும் வெடிமருந்தையும் ஒருங்கே கொண்ட உறையினை அது குறிக்கும். அதற்கு ஈடான 'கார்ட்ரிட்ஜ்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லாகும். மருந்தும் குண்டும் காகிதச் சுருளிற் பொதியப்பட்ட காலத்தை அச்சொல் இன்றும் காட்டி நிற்கிறது.

ஆளால் அமைந்தவை

பிரெஞ்சுப் படை அதிகாரி குளோத் எத்தியேன் மினியே 1849இல் அமைத்த கூம்புக்குண்டு, 'மினி பால்' என வழங்கலாயிற்று. அது பந்து வடிவினதன்று. எனினும் 'பால்' என்னும் பழம்பெயர் நீங்கவில்லை. ஆங்கிலேயப் பீரங்கிப்படை அதிகாரி ஹென்றி ஷ்ராப்னெல் 1784இல் வகுத்த, உள்ளே சிறுகுண்டுகள் நிறைந்த வெடிகுண்டுக்கு 1852இல், அதாவது அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின், அவர் பெயரே முறைப்படி சூட்டப்பட்டது. இன்று சிதறித் தெறிக்கும் எந்த உலோகத் துண்டும் 'ஷ்ராப்னெல்' எனப்படுகிறது. ஆளின் பெயர் பொதுப்பெயராய்த் தேய்ந்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஊரால் அமைந்தது

இவற்றுள் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது 'டம்டம்' என்னும் பெயர். கல்கத்தாவை அடுத்த இவ்வூரின் பெயர், மண்மேடு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லினின்று வந்தது என்பர். கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றிய பேச்சு 1857 சனவரியில் எழுந்ததும் இங்கேதான். தண்ணீர்ச் செம்பைத் தர மறுத்த உயர்சாதிச் சிப்பாயை நோக்கி, பசு, பன்றிக் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லாற் கடிக்கும்போது உன் சாதி என்னாகும் என ஆயுதச்சாலைத் தொழிலாளி ஒருவர் கேட்டதாக வரலாற்று நூல்கள் கூறும்.

1895ஆம் ஆண்டுச் சித்ரால் போரில், புதிய சிறுகுண்டுகள் உடலைத் துளைத்துச் சென்றும் எதிரிகள் வீழாமல் முன்னேறினர் என்று ஆங்கிலப் படையினர் குறைகூறினர். அதன்பின் டம்டம் ஆயுதச்சாலையில் காப்டன் பெர்ட்டி கிளே என்பார், நுனியில் ஈயம் வெளித்தெரியும் குண்டினைச் செய்தார். உடலுட் புகுந்ததும் விரிந்து பெருங்காயம் விளைவிக்கும் அக்குண்டு ஊரின் பெயரையே பெற்றது.

1899 சூலை 29இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் இத்தகைய குண்டுகளை விலக்கி அறிக்கை செய்தன. அம்மாநாட்டில், நாகரிகமடைந்த வீரனுக்குச் சிறுகுண்டு போதும், 'காட்டுமிராண்டி'க்குப் போதாது என்னும் கருத்துப்பட ஆங்கிலேயப் பேராளர் சர் ஜான் ஆர்டா வாதிட்டார். அறிக்கையும் ஒப்பமிட்ட நாடுகள் தமக்குள் புரியும் போருக்கே பொருந்துவதாயிற்று. அடிமைப்பட்ட மக்கள் அதன் காப்புக்கு வெளியே நின்றனர். பிரிட்டன் 1907இல்தான் அதனை ஏற்றது. உள்நாட்டுப் போரிலும் இக்குண்டைப் பயன்படுத்துதல் போர்க்குற்றம் என ரோம் சட்டத்தில் திருத்தம் எழுந்ததோ 2010இல்.

கொடுமையைத் திட்டமிட்டோர் வேறிடத்தார்; பழியோ ஒரு வங்காள ஊரின் பெயருக்கு வந்து சேர்ந்தது. குண்டு செய்தவர் பெயரும் செய்த ஊரின் பெயரும் அகராதிகளில் நிலைபெற்றுள்ளன. அதனால் மாண்டவர் பெயரை ஏந்திய சொல் ஒன்றேனும் இல்லை. 'தோட்டா' என்னும் சொல்லைக் கவிதையில் எடுத்தாளும் நம் கவிஞர்கள் இக்குறையை நெஞ்சிற் கொள்வாராயின், அவ்வுவமை வெறும் ஓசையாய் நில்லாது பொருட்செறிவு பெறும் என்பது உறுதி.