எலும்புச் சிமெண்ட் கசியும்போது: முதியோரின் முதுகெலும்புச் சிகிச்சை

யங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் ஆனாலும் சென்னை ஆனாலும், எலும்பு வலுவிழந்த முதியவர் ஒருவர் குனிந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதே முதுகெலும்பு நசுங்கி முறியக்கூடும். வலி தணியாதவர்களில் சிலருக்கு, முறிந்த எலும்பினுள் ஊசி மூலம் சிமெண்ட் செலுத்தப்படுகிறது. 'வெர்டிப்ரோபிளாஸ்டி' எனப்படும் இம்முறை 1984ஆம் ஆண்டு பிரான்ஸின் அமியான் நகரில் முதன்முதலாகக் கையாளப்பட்டது.

கசிவு ஏன்?

பாலிமெத்தில் மெத்தாகிரிலேட் என்ற இச்சிமெண்ட் குழம்பாகவே செலுத்தப்படுகிறது. சில நிமிடங்களில் இறுகிவிடும். அதற்குள் எலும்பின் விரிசல்கள் வழியாகவோ, வால்வுகள் இல்லாத முதுகெலும்புச் சிரைகள் வழியாகவோ அது வெளியேறலாம். பெரும்பாலான கசிவுகள் எந்தத் தொல்லையும் தருவதில்லை. ஆனால் தண்டுவடக் குழாய்க்குள் புகுந்தால் நரம்புகள் நசுங்கும். சிரை வழியே சென்றால் நுரையீரல் இரத்தக்குழாய் அடைபடும்.

தடுப்பது எப்படி?

குழம்பு பற்பசை அளவுக்குக் கெட்டியாகும்வரை காத்திருந்து, தொடர் எக்ஸ்ரே பார்வையில் சிறிது சிறிதாகச் செலுத்த வேண்டும். சிமெண்டில் கலக்கப்படும் பேரியம் சல்பேட் அதன் பாதையைத் திரையில் காட்டும். கசிவு தென்பட்டவுடன் செலுத்துவதை நிறுத்துவதே முதல் நடவடிக்கை. சற்றுப் பொறுத்தால் இறுகும் சிமெண்டே கசிவுவழியை அடைத்துவிடக்கூடும். இல்லையேல் ஊசியின் இடம் மாற்றப்படும், அல்லது சிகிச்சை அத்துடன் முடிக்கப்படும். பலூனால் முதலில் இடம் உண்டாக்கும் 'கைஃபோபிளாஸ்டி' முறையில் கசிவு குறைவு. ஆனால் அறவே இல்லை என்று கூற முடியாது.

கசிந்த பின்னர்

கால்கள் வலுவிழத்தல், மரத்துப்போதல், சிறுநீர்க் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவை அவசர அறிகுறிகள். உடனடியாக சி.டி. ஸ்கேன் எடுத்து, நரம்பை அழுத்தும் சிமெண்டை அறுவைச் சிகிச்சை மூலம் அகற்ற வேண்டியிருக்கும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் நுரையீரலைப் பரிசோதிக்க வேண்டும். இரத்த உறைவுத் தடுப்பு மருந்து தேவைப்படலாம். அறிகுறி ஏதும் இல்லாத சிறு கசிவுகளுக்குப் பொதுவாகக் கண்காணிப்பே போதும்.

அவசியமா?

2009இல் வெளியான இரண்டு ஆய்வுகள், இச்சிகிச்சை போலிச் சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தரவில்லை எனக் கண்டன. முறிவு ஏற்பட்டு ஆறு வாரங்களுக்குள், கடும் வலியுள்ளவர்களுக்குப் பலன் உண்டு என 2016இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு தெரிவித்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

பலருக்கு இம்முறிவின் வலி சில வாரங்களில் தானாகவே தணிகிறது. எனவே, சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் குடும்பத்தினர் கேட்கவேண்டியவை இரண்டு: இப்போதே இது தேவைதானா? சிமெண்ட் கசிந்தால் அவசர அறுவைச் சிகிச்சை செய்ய இதே மருத்துவமனையில் வசதி உண்டா?