சிம்லாவில் தீட்டிய தெற்கு

அம்ரிதா ஷேர்கில் பற்றி நண்பர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் அது அவருடைய வாழ்க்கையில் போய் நின்றுவிடுகிறது. அழகு, காதல்கள், 28 வயதில் மரணம். படங்களுக்கு வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. நான் இங்கு பேச விரும்புவது 1937ல் அவர் தீட்டிய மூன்று படங்களைப் பற்றி. எழுதுகிறவர்களான நம் முன்னும் அவை ஒரு கேள்வியை வைக்கின்றன என்பதே காரணம்.

1913 ஜனவரி 30ல் புடாபெஸ்டில் பிறந்தவர். தந்தை உம்ராவ் சிங் சீக்கியப் பிரபு வம்சம். படிப்பாளி, புகைப்படக் கலையில் தேர்ந்தவர். தாய் ஹங்கேரியப் பாடகி. 1921ல் குடும்பம் சிம்லா வந்தது. 1929ல் பாரிஸ் போய், லூசியன் சிமோனிடம் பயின்றார். 1932ல் தீட்டிய 'இளம் பெண்கள்' அடுத்த ஆண்டு கிராண்ட் ஸலோனில் தங்கப் பதக்கம் பெற்றது. அப்போது அவருக்கு வயது இருபது. அங்கேயே தங்கியிருந்தால் கௌரவமான பாரிஸ் ஓவியராக முடிந்திருப்பார். 1934 கடைசியில் இந்தியா திரும்பினார்.

1935ல் அவர் தீட்டிய மலைவாசிகள் படங்களையும் 'மூன்று பெண்க'ளையும் பலரும் சிகரமாகச் சொல்வார்கள். எனக்கு அவற்றில் ஒரு குறை உண்டு. துயரம் அங்கே முன்பே தீர்மானிக்கப்பட்டு, பிறகு முகங்களில் ஏற்றப்பட்டிருக்கிறது. கோகாங்கின் நிழலும் கூடவே விழுகிறது.

1936 இறுதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அஜந்தா, எல்லோரா, பிறகு அன்று திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரி, கொச்சி. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் உட்கார்ந்து பயின்றார். பிறகு சிம்லா திரும்பி, 'மணமகள் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்' மூன்றையும் தீட்டினார். கண்ணுக்கு எதிரே ஆள் இல்லாமல், தூரத்திலிருந்து, நினைவை நம்பித் தீட்டியவை இவை. அஜந்தா கற்றுக்கொடுத்தது இங்கே வேலை செய்கிறது: உடம்புகளுக்கு இடையே உள்ள இடைவெளியும், கறுத்த மேனிக்குப் பக்கத்தில் வேட்டியின் வெள்ளையும் உணர்ச்சியைச் சுமக்கின்றன. முகங்கள் எதையும் நம்மிடம் யாசிப்பதில்லை.

'ஏழைகளைப் பார்த்துப் படம் தீட்டிய சீமாட்டி' என்று முற்போக்கு நண்பர்கள் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. அவருடைய மனிதர்களுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. வெளியிலிருந்து வந்தவரின் மௌனம் அது. 1935ன் மலைவாசிகள் படங்களில் இந்த மௌனம் பலவீனம்தான். ஆனால் 1937ல் அதுவே ஒழுக்கமாகிவிடுகிறது. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள அவர் மறுக்கிறார்.

அதே ஆண்டுகளில்தான் இங்கே மணிக்கொடி நடந்தது. புதுமைப்பித்தன் எழுதிக்கொண்டிருந்தார். நமக்கு உள்ளே இருப்பவன் என்ற சலுகை உண்டு. அந்தச் சலுகையே பார்வையைக் கெடுத்துமிருக்கிறது. அக்ரஹாரத்துப் பையன் நம் எழுத்தில் வந்தால் பெரும்பாலும் ஏக்கத்துக்கோ ஏளனத்துக்கோதான் வருகிறான். வெறுமனே உட்கார்ந்திருக்க அவனை நாம் விட்டதில்லை.

பிறகு 1938ல் திருமணம். அடுத்த ஆண்டு முதல் கோரக்பூர் பக்கம் சராயாவில் வாழ்க்கை. அங்கே அவர் பஹாரி, முகலாயச் சிற்றோவியங்களின் திசையில் நகர்ந்தார். படங்கள் சிறுத்தன, நிறம் அடர்ந்தது. 1941 டிசம்பர் 5ல் லாகூரில், பெரிய கண்காட்சி ஒன்று தொடங்கச் சில நாட்களே இருக்கையில், இறந்துபோனார். 1976ல் அவர் படைப்புகளை அரசு தேசியக் கலைப் பொக்கிஷமாக்கியது. 2023ல் ஒரு படம் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. நாள் முழுதும் கவுண்டரில் எண்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அந்த எண்ணிலிருந்து படத்தைப் பற்றி எதுவும் எனக்குத் தெரியவரவில்லை.

டில்லி நவீனக் கலைக்கூடத்தில் 'பிரம்மச்சாரிகள்' முன் வெகுநேரம் நின்றேன். செம்மண் நிறப் பின்னணியில், பூணூலும் குடுமியுமாக ஐந்து பேர். என் சிறு வயதில் எங்கள் தெருப் பாடசாலைத் திண்ணையில் இப்படிப்பட்ட பையன்களைத் தினமும் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே யோசித்துப் பார்த்தேன். அவர்களில் ஒருவன் முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.