கம்மியர் கையும் கர்மா காரும்

2008 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் வாகனக் கண்காட்சியில் ஒரு செடான் அறிமுகமானது. நீண்ட முகப்பு, தாழ்ந்த கூரை. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். பேட்டரி தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரை ஓட்டும். சக்கரங்களைச் சுழற்றுவது எப்போதும் மின்மோட்டார்தான். டென்மார்க்கில் பிறந்த வடிவமைப்பாளர் ஹென்ரிக் ஃபிஸ்கரின் இந்த பிளக்-இன் ஹைபிரிட்டுக்குப் பெயர் ‘கர்மா’.

நமக்கு நன்கு பழகிய சொல் அது. சமஸ்கிருதத்தில் ‘க்ரு’ என்ற வேருக்குச் ‘செய்’ என்று பொருள். அதில் பிறந்த ‘கர்மன்’ முதலில் செயலைத்தான் குறித்தது. விதி, பலன் எல்லாம் பின்னால் ஏறியவை. பாலியிலும் பிராகிருதத்திலும் அது ‘கம்ம’ ஆனது. வேலையைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘காம்’ அந்த வழியில் வந்ததே.

தமிழுக்குள் அது இரண்டு வாசல்களில் நுழைந்தது. வடமொழி வடிவம் நடுவே ஓர் உகரம் பெற்றுக் ‘கருமம்’ ஆயிற்று. சைவ சித்தாந்தத்தில் ‘கன்மம்’ என மும்மலங்களுள் ஒன்றானது. பிராகிருத வடிவமோ ‘கம்மியர்’ என்று கைவினைஞருக்குப் பெயரானது. வள்ளுவர் ‘கருமம்’ என்பதைச் செயல் என்றே ஆள்கிறார்: ஒருவரின் பெருமையையும் சிறுமையையும் உரசிப் பார்க்கும் உரைகல் அவரவர் செயலே என்பது 505ஆம் குறளின் கருத்து. பேச்சு வழக்கில்தான் அது தலைவிதியாகவும், ‘கருமம், கருமம்’ என்ற சலிப்பாகவும் தேய்ந்தது.

ஆங்கிலத்துக்கு இச்சொல் 19ஆம் நூற்றாண்டில் போனது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கி, 1882இல் சென்னை அடையாறுக்கு வந்த பிரம்மஞான சபையின் எழுத்துகள் அதை மேற்கில் பரப்பின. அங்கே அது ‘செய்தது திரும்பி வரும்’ என்ற பொருளில் நிலைத்தது. செயல் பின்வாங்க, பலன் முன்னுக்கு வந்தது.

அந்தப் பெயரைச் சுமந்த கார் எளிதில் சாலைக்கு வரவில்லை. 2009 இறுதியில் தொடங்குவதாக இருந்த உற்பத்தி தள்ளிப்போய், பின்லாந்தின் வால்மெட் ஆலையில் உருவான கார்கள் 2011இல்தான் வாங்கியவர்களைச் சேர்ந்தன. 2012 மார்ச்சில் பேட்டரிகளில் குறை தெரிந்தது. அக்டோபரில் பேட்டரி தந்த ஏ123 நிறுவனம் திவாலானது. அதே மாதம் சாண்டி புயல் நியூவார்க் துறைமுகத்தில் நின்ற 300க்கும் மேற்பட்ட கர்மாக்களை மூழ்கடித்தது. அந்த ஆண்டு நியூயார்க்கில் காட்டிய ‘அட்லாண்டிக்’ என்ற அடுத்த செடான் உற்பத்திக்கே வரவில்லை. 2013 நவம்பரில் ஃபிஸ்கர் நிறுவனமும் திவால்.

இதைக் கேட்டதும் ‘எல்லாம் கர்மா’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் புயலை விட்டுவிட்டுப் பேட்டரிக் குறையைப் பாருங்கள். மிச்சிகன் ஆலையில் வெல்டிங் இயந்திரம் ஒன்று சரியாக அளவு திருத்தப்படாமல் ஓடியதே காரணம் என்று ஏ123 அறிவித்தது. அது விதியன்று; கைவேலையில் நேர்ந்த பிழை. பழைய கம்மியர் ஒருவர் கேட்டிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

2014இல் சீனாவின் வான்சியாங் குழுமம் ஃபிஸ்கர் நிறுவனத்தின் சொத்துகளை வாங்கியது. மறு ஆண்டு நிறுவனத்தின் பெயரே ‘கர்மா ஆட்டோமோட்டிவ்’ என்றானது; 2016இல் கார் ‘ரெவெரோ’வாகத் திரும்பியது. செய்தவரின் பெயர் நீங்கி, செயலின் பெயர் நின்றது. மேடையில் காட்டிய மாதிரிக் கார் வெறும் வாக்குறுதி. அதைப் பிழையின்றிச் செய்து முடிப்பதே கருமம். அந்தச் சொல்லை வேரோடு சேர்த்துப் படித்தால் அதற்கு மேல் பொருள் தேட வேண்டியதில்லை.