கடிக்கும் நோய்க்கும் இடையில்: சுசுருதர் கண்ட வெறிநாய் நஞ்சு

பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையில் கல்பஸ்தானம் என்ற பகுதியின் எட்டு அத்தியாயங்களும் நஞ்சைப் பற்றியவை. ஏழாவது எலிகளுக்கு உரியது. பதினெட்டு வகை எலிகளைச் சொல்லி முடித்த கையோடு நூல் வெறிநாய்க்கு வந்துவிடுகிறது. பாம்புக்கடிக்கென்று தனி அத்தியாயங்கள் இருந்தும் வெறிநாயை அங்கே சேர்க்கவில்லை. அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படரும் எலி நஞ்சையும் வெறிநாய் நஞ்சையும் ஒரே அத்தியாயத்தில்தான் வைத்தார். சில நாழிகையில் கொல்லும் நஞ்சு வேறு, உடம்பில் தங்கிக் காலம் பார்த்துக் கிளம்பும் நஞ்சு வேறு என்ற தெளிவே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாய், நரி, கழுதைப்புலி, கரடி, புலி ஆகியவற்றுக்கு வாதம் கபத்தோடு கூடிக் கெட்டு, உணர்வைத் தாங்கும் வழிகளில் புகுந்தால் வெறி பிடிக்கும் என்கிறார் சுசுருதர். வாலும் தாடையும் தோளும் தொங்கிவிடும், எச்சில் வடியும், காது கேட்காது, கண் தெரியாது, எதிர்ப்பட்டதன்மேல் பாயும். தாடை தொங்குவதையும் எச்சில் ஒழுகுவதையும் இன்றைய கால்நடை மருத்துவரும் முதலில் கவனிப்பார். மனிதனுக்குக் கடிவாய் மரத்துப்போகும் என்ற குறிப்பும் உண்டு. கடிவாயில் மதமதப்பும் குறுகுறுப்பும் இந்நோயின் தொடக்க அறிகுறிகள் என்பது இப்போதும் பாடம். இதை வைத்து அவர் வைரஸையே கண்டுவிட்டார் என்று சிறப்பு மலர்கள்தோறும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணால் கண்டதைப் பிசகாமல் எழுதினார். அந்தப் பெருமையே போதும்.

சிகிச்சையில்தான் அவருடைய சிந்தனை வெளிப்படுகிறது. நஞ்சு தானாகக் கிளர்ந்தால் ஆள் பிழைக்கமாட்டான். ஆகவே அதற்கு முன்பே வைத்தியன் அதைக் கிளப்பி வெளியேற்ற வேண்டும். கடிவாயில் இரத்தம் வடித்து, காய்ச்சிய நெய்யால் சுட்டு, பழைய நெய்யைக் குடிக்கக் கொடுப்பார்கள். எருக்கம்பால் சேர்த்துப் பேதியும் உண்டு. பிறகு கொழிஞ்சி வேரையும் ஊமத்தையையும் அரிசியோடு அரைத்து, ஊமத்தை இலையில் பொதிந்து அப்பமாகச் சுட்டுத் தின்னக் கொடுப்பார்கள். அது செரிக்கும்போது நோயாளியிடம் நாயின் சேட்டைகள் தோன்றுமாம். தண்ணீர் இல்லாத குளிர்ந்த அறையில் அவனை வைத்திருக்க வேண்டும். ஊமத்தை பிதற்றவைக்கும் நச்சுச்செடி என்பது ஊரறிந்த சங்கதி. மருந்தின் மயக்கத்தையே நஞ்சின் கிளர்ச்சி என்று கொண்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. வெறிநாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அப்பம் தின்று பிழைத்தவர் கணக்கில், எப்படியும் நோய் வந்திராதவர்களும் அடங்குவர்.

நோய் வெளிப்பட்ட பின் அவர் மருந்து சொல்லவில்லை. தண்ணீரைக் கண்டோ, அதன் ஒலி கேட்டோ, அது மேலே பட்டோ நடுங்குபவன் பிழைக்கமாட்டான். கண்ணாடியிலோ நீரிலோ கடித்த விலங்கின் உருவைக் காண்பவனுக்கும் அதே முடிவுதான்.

கடிக்கும் நோய்க்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வைத்தியனுக்குக் கிடைக்கும் ஒரே அவகாசம் என்று சுசுருதர் கண்டார். 1885 ஜூலையில் ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தடுப்பூசி போட்ட லூயி பாஸ்டரும் அந்த அவகாசத்தையே பயன்படுத்தினார். 1907-இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் அதே வேலைக்காகத்தான் எழுந்தது. இன்று கடிபட்டவர் ஆயுர்வேத வைத்தியரிடம் முதலில் வந்தாலும் நெய்ச்சூடும் ஊமத்தை அப்பமும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கடிவாயைக் கழுவி, தடுப்பூசிக்கும், தோலைத் துளைத்த காயமென்றால் கடிவாயில் போடும் இம்யூனோகுளோபுலினுக்கும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும்.